பீர் டீச்சர்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றரை. ஏலூரில் ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடிக் குழாய்க்குக் கீழே குடுவையைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள் நிஸா. இன்னும் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ விழுந்தால் அமிலம் நிறம் மாறும். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. விட்டுவிட்டாள். மறுபடி அடித்தது. சங்கரலிங்கம் என்று பெயர் தெரிந்தது. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் மொத்தமாக விற்கிற மனிதர், வியாபார நேரத்தில் சும்மா இரண்டு தடவை கூப்பிடமாட்டார்.

“நிஸாம்மா, கொஞ்சம் உக்காருங்க.”

“உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க.” நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“டீச்சரம்மா மாடியில இருந்தாங்க. சாயா கொண்டு போனவன், மேஜையில தல சாச்சுத் தூங்குறாங்கன்னு நெனச்சிருக்கான். கூப்பிட்டுப் பாத்துட்டு ஓடியாந்தான். நாங்களே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போனப்பவே இல்லேன்னுட்டாங்கம்மா.”

குடுவையைக் கீழே வைத்தாள். குழாயின் திருகை மூட மறந்திருந்தாள். வேண்டிய நிறத்தைத் தாண்டி அது ரத்தச் சிவப்பாகிப்போயிருந்தது.

வைட்டிலாவில் பஸ் மாறி ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் அப்துல் ஜலீல் கூப்பிட்டான். நிஸாவுக்கு மூத்தவன், இறந்துபோன அக்கா லதீஃபாவுக்கு இளையவன்.

“எங்க எத்தினே?”

“வைட்டிலா விட்டாச்சு.”

“கேளு. ஆளுக யாரும் கேட்டா, அக்கா சங்கரலிங்கம் கடைக்குச் சாமான் வாங்கப் போனா, நெஞ்சுவலி வந்துச்சுன்னு பறஞ்சா போதும். மாடி, கம்பெனி, பழைய கடுதாசி, அதொண்ணும் வேண்டாம்.”

“முப்பது வருஷமா தெனமும் சுக்கா வாங்கிட்டிருந்தா?”

“தர்க்கிக்கிற நேரமா நிஸா இது?”

நேரமில்லைதான். போனை வைத்துவிட்டாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் அக்காவை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நிஸா வாசல்வரை போய் நின்றாள். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “பீர் டீச்சர் போயிட்டாங்களே. பெரிய புண்ணியவதி.”

லதீஃபாவின் வேலை பீர். குடிக்கிற பீர். ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் பெல்ட்டன் என்றொரு வெள்ளைக்காரன் மட்டாஞ்சேரிக் காயலோரத்தில் பீர் காய்ச்சும் கம்பெனி ஒன்று வைத்தான். பதினாலு வருஷம் நடத்தி, நஷ்டப்பட்டு, மூடிவிட்டுப் போனான். கட்டடம் கைமாறிக் கைமாறிச் சங்கரலிங்கத்தின் தாத்தாவிடம் வந்தது. மாடியில் கிடந்த காகிதக் கட்டுகளும் துருப்பிடித்த பீப்பாய் வளையங்களும் கட்டடத்தோடு சேர்ந்தே வந்தன. எம்.ஏ. சரித்திரம் படித்துக்கொண்டிருந்த லதீஃபா, ஒருநாள் சாக்கு வியாபாரியான அத்தாவோடு அங்கே போனவள், மாடிப்படி எங்கே போகிறது என்று பார்க்க ஏறினாள். ஏறியவள் இறங்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். தோப்பும்படியில் ஒரு டுடோரியல் காலேஜில் காலையில் பாடம் எடுப்பாள். மீதி நேரமெல்லாம் அந்த மாடி. சங்கரலிங்கத்தின் அப்பா சாவியையே கொடுத்துவிட்டார். “எலி திங்கிறத டீச்சர் படிச்சா எனக்கென்ன நட்டம்?” என்றாராம்.

இந்த வெயிலில் எப்படிப் பீர் காய்ச்சினான் என்பதுதான் அவளுடைய கேள்வி. முளைகட்டி உலர்த்திய பார்லி கப்பலில் தகரப் பெட்டியில் வந்தது. கசப்புக்குப் போடுகிற பூவும் அங்கிருந்தே வந்தது. தண்ணீர் இங்கே கிடையாது. கொச்சிக் கிணறுகளில் உப்பு. ஆலுவாவுக்கு மேலே போய்ப் பெரியாற்றில் தண்ணீர் மொண்டு தோணியில் கொண்டுவர வேண்டும். புளிக்கவைக்கிற ஈஸ்ட் கடல் தாண்டி வருவதற்குள் செத்துப்போகும்; அதற்குக் கும்பளங்கியிலிருந்து கள்ளின் மண்டி வந்தது. இதையெல்லாம் லதீஃபா சொல்லக் கேட்டால் பெல்ட்டன் துரை நேற்றுத்தான் தோணியை அனுப்பிவிட்டுக் கரையில் நின்று திட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும்.

அவள் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கோழிக்கோட்டில் ஒரு கருத்தரங்கு முடிந்து விருந்தில் யாரோ பீர்க் கிளாஸை நீட்டி, “ருசி தெரியாமலே எழுதுறீங்களே டீச்சர்?” என்று கேட்டபோது, “பாம்பைப் பத்திப் படிக்கிறவன் பாம்பை விழுங்கணுமா சாரே?” என்று கேட்டுவிட்டு எலுமிச்சம்பழ நாரங்காவெள்ளம் வாங்கிக் குடித்தவள்.

பிறகு புண்ணியவதி என்ற பெயர் எப்படி வந்தது? தமிழால் வந்தது. மலையாளத்தில் இந்தக் குழப்பத்துக்கே வழியில்லை. அங்கே குடிப்பது பியர். தர்காவுக்கு ஸியாரத்துப் போவது பீரிடம், அதாவது இறைநேசரிடம். தமிழில் எழுதினால் பாட்டிலுக்கும் அவுலியாவுக்கும் ஒரே எழுத்து. கொச்சியில் இரண்டு தலைமுறையாகத் தமிழை வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற ராவுத்தர் குடும்பங்களில்தான் இப்படி ஒரு தவறு முளைக்க முடியும், முளைத்தது வாடாமலும் இருக்க முடியும்.

லதீஃபாவின் முதல் கட்டுரை கோயம்புத்தூரில் ஒரு சிறுபத்திரிகையில் வந்தபோது, அவளைப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அம்மா பெருமையாகப் பத்திரிகையை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். “பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டாஞ்சேரியில் பீர்.” பாலக்காட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

“மாஷா அல்லாஹ். எந்தப் பீரம்மா? மட்டாஞ்சேரியில எங்க அடங்கியிருக்காங்க?” என்று பிள்ளையின் தகப்பனார் கேட்டார்.

சாயாத் தட்டோடு வந்துகொண்டிருந்த லதீஃபா பதில் சொன்னாள். “பீப்பாயில அடங்கியிருக்கு மாமா. வெள்ளக்காரன் காச்சுன பீரு.”

சாயா ஆறிப்போய் அப்படியே திரும்பியது. பாலக்காட்டுக்காரர்கள் காரணத்தை வெளியில் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டு வாசலை மிதித்த வெட்கம் அவர்களுக்கும் உண்டு. அம்மா தெரிந்து அப்படிப் படித்தாளா, தெரியாமல் படித்தாளா என்பது அவளோடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு யார் கேட்டாலும், “மூத்தவ பீர் சரித்திரம் எழுதுறா” என்றுதான் சொன்னாள். தெரு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

லதீஃபா ஒளிக்கவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. ராவுத்தர் சங்கத்தின் தலைவர் ஷாஹிர் ஹாஜியார் ஒருமுறை வழிமறித்து, “டீச்சரே, உங்க பீர் எந்தத் தரீக்கத்து? எந்த ஞானியோட வழி?” என்று கேட்டார். “இங்கிலீஷ் தரீக்கத்து ஹாஜியாரே. லண்டன்லேந்து கப்பல்ல வந்தது” என்றாள். ஹாஜியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, படித்தவர்களின் தமாஷே தனி என்று ஊரெல்லாம் சொன்னார்.

தவறாகப் படிப்பதில் லதீஃபாவும் குறைந்தவளில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை எம்.ஏ. முடித்த பிறகு, அந்தக் கட்டுகளுக்காகவே, தானே கற்றுக்கொண்டாள். கம்பெனியின் காகிதங்கள் இரண்டு வகை. பெல்ட்டன் லண்டனுக்கு எழுதிய ஆங்கிலக் கடிதங்களின் நகல்கள் ஒன்று. தமிழ்க் கணக்குப்பிள்ளை எழுதிய நாள்கணக்கு மற்றொன்று. அந்த நாள்கணக்கில் அடிக்கடி ஒரு கரடி வந்தது. ‘கரடி மூன்று பீப்பாய்.’ ‘இன்று கரடி இரண்டு.’ கம்பெனியில் கரடி வளர்த்தார்களா என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில், ஆங்கிலத்தில் பீரையும் கரடியையும் குறிக்கிற சொற்கள் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலிருக்கும், கணக்குப்பிள்ளை குழம்பிவிட்டார் என்று முடிவுகட்டி, அதைத் திருச்சூரில் ஒரு கூட்டத்தில் சொல்லி நல்ல கைதட்டலும் வாங்கிவந்தாள்.

பிறகொருநாள் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் வந்தது.

“நிஸா, கரடி புளிக்குமா?”

“எந்தக் கரடி அக்கா?”

“இங்க எழுதியிருக்கு. ‘கரடி மிகவும் புளித்தது. ஊறுகாய்க்காரனுக்கு விற்றது.’”

“ஊறுகாய்க்காரன் கரடிய வாங்கி என்ன செய்வான்? உப்புலயா போடுவான்? அக்கா, பீர் இந்தச் சூட்டுல காத்துப் பட்டுக் கெடந்தா வினிகராயிடும். சுர்க்கா. அதத்தான் வித்திருப்பாங்க.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக அக்காவின் குரல் வந்தது. “காடி.”

“என்னது?”

“சுர்க்காவுக்குத் தமிழ்ல காடி. நம்ம வீட்டுல யாரும் சொல்ல மாட்டோமே, அதான் தெரியாமப் போச்சு. அந்தக் காலத்துக் கையெழுத்துல துணைக்காலும் ரகரமும் ஒண்ணுபோலதான் இருக்கும்டி. காடின்னு எழுதினத நான் கரடின்னு படிச்சுட்டு, அந்த மனுஷனப் போயி மடையனாக்கிட்டு வந்திருக்கேன்.”

மறுநாளே திருச்சூருக்குக் கடிதம் போட்டாள். தன் பேச்சை அச்சில் போட வேண்டாம், தவறு தன்னுடையது என்று எழுதினாள். பிறகு கரடி வந்த இடங்களையெல்லாம் காடி என்று திருத்தி, தேதிக்குத் தேதி ஆங்கிலக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுடைய புத்தகத்துக்கு முதுகெலும்பு கிடைத்தது. காடியாகிப்போன ஒரு பீப்பாயைப் பற்றியும் பெல்ட்டன் லண்டனுக்கு எழுதவில்லை. கெட்டுப்போயிற்று என்றால் அங்கே பணம் போட்டிருந்த முதலாளிகள் அவன் கைத்திறனைக் கேள்வி கேட்பார்கள். அதே தேதிகளில் அவன் எழுதியது வேறு. பீப்பாய்களைக் கப்பலுக்கு ஏற்றிச்சென்ற தோணிக்காரர்கள் வழியில் உடைத்துக் குடித்துத் தீர்த்துவிட்டார்கள், இந்தச் சாதியே இப்படித்தான், சிலரைப் பிடித்துக்கொடுத்திருக்கிறேன். தோணிக்காரர்களின் பெயர்கள் நாள்கணக்கில் இருந்தன. குஞ்ஞாலி, பக்கர், சேக்கு ராவுத்தர். ஒருவர் சிறைக்குப் போனார். மற்றவர்களுக்கு அந்தக் கரையில் வேலை இல்லாமல் போயிற்று.

இந்தப் புத்தகத்தைத்தான் லதீஃபா எழுதி முடித்து, கோயம்புத்தூர் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முந்தின வாரம் ஷாஹிர் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். சங்கத்து நூலகத்தில் லதீஃபாவின் படத்தை மாட்டப்போகிறார்களாம். பெண்பிள்ளை படம் அங்கே மாட்டுவது இதுதான் முதல் தடவை. கமிட்டியில் பேசி எல்லோரையும் சம்மதிக்கவைத்திருந்தார். படத்துக்குக் கீழே ‘பீர் வரலாற்று ஆய்வாளர்’ என்று போட ஏற்பாடு. “நிஸா ரெண்டு வார்த்தை பேசணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஜலீல் கதவைச் சாத்தினான்.

“எழுத்துல ஒரு பொய்யும் இல்ல, கண்டல்லோ? பீர் வரலாறுதான? அவங்க எப்படி வேணும்னாலும் வாசிச்சுக்கட்டும். நீ நன்றி மட்டும் பறஞ்சிட்டு எறங்கிடு.”

“புத்தகம் வருமே அண்ணே. அப்ப?”

“புத்தகம் எதுக்கு இப்ப? கோயம்புத்தூருக்கு ஒரு போன் போட்டா நிறுத்திடலாம். நௌஷிதாவுக்குப் பேச்சு நடக்குது. அந்தக் குடும்பம் ஹாஜியாருக்குச் சொந்தம். என் மகளுக்கும் பீப்பாயச் சொல்லி வாசல்ல ஆள் திரும்பணுமா? ஒரு வீட்டுல ஒண்ணு போதும்.”

ஜலீல் கெட்டவனல்ல. அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது பதினைந்து நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தவன் அவன்தான். அதனால்தான் நிஸாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை. “யோசிக்கிறேன்” என்றாள். யோசித்தாள். அக்கா உயிரோடிருந்தவரை பொய் ஊருடையதாக இருந்தது. கேட்டால் திருத்த அவள் இருந்தாள். சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டால் அது வீட்டுடையதாகிவிடும். அந்தப் படத்துக்கு நேர்ப்பொருள் சொல்கிற புத்தகத்தை அச்சகத்திலேயே புதைத்தாக வேண்டும்.

சங்கத்து மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். பெண்கள் வலது பக்கம். சங்கரலிங்கமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஹாஜியார் அரை மணி நேரம் பேசினார். இறைநேசர்களின் வரலாற்றைத் தேடித் தேடித் தன் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பெண்மணி என்றார். உணர்ச்சியில் அவர் குரல் உடைந்தது. அது உண்மையான உணர்ச்சி.

நிஸா ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். ஜலீல் முன்வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஹாஜியாருக்கு நன்றி. எங்கக்கா ஆராய்ச்சி செஞ்சது அவுலியாவப் பத்தி இல்ல. குடிக்கிற பீரப் பத்தி. மலையாளத்துல பியர். இப்ப யாருக்கும் சந்தேகம் இல்லல்ல?”

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, “படச்சோனே” என்றார்கள்.

“நிஸா, எறங்கு,” என்றான் ஜலீல்.

“முடிச்சிட்டு எறங்குறேன் அண்ணே. அவ அத ஒருநாளும் மறைக்கல. ஹாஜியாரே, உங்ககிட்டயே சொன்னா. நீங்க சிரிச்சீங்க. நம்ம கரையில தோணி விட்ட குஞ்ஞாலி, பக்கர், சேக்கு ராவுத்தர், இவங்கள்லாம் பீப்பாய உடச்சுப் பீரக் குடிச்சாங்கன்னு ஒரு வெள்ளக்காரன் லண்டனுக்கு எழுதினான். வாயில வக்காத மனுஷங்க. ஒருத்தர் ஜெயிலுக்குப் போனார். நூத்தம்பது வருஷம் அந்தப் பழி அந்தக் காகிதத்துல அப்படியே கெடந்துச்சு. குடிக்கல, அது புளிச்சுக் காடியாப் போச்சுன்னு தேதி போட்டுக் காட்டினது எங்கக்கா. பீருன்னு வாயால சொல்ல வெக்கப்பட்டிருந்தா அவளால அதக் காட்டியிருக்க முடியாது. அவ வெக்கப்படல. நானும் படல. படத்துக்குக் கீழ என்ன எழுதணுமோ எழுதுங்க. ஆனா கேக்குற ஆளுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.”

இறங்கி வந்து உட்கார்ந்தாள். சிலர் எழுந்து போனார்கள். சிலர் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டார்கள். நடுவரிசையிலிருந்து ஒரு கிழவர் கையைத் தூக்கினார். “சேக்கு ராவுத்தர்னா எந்த வீடு மோளே? சக்கரப்பறம்பா?” தெரியாது, வீட்டுப்பெயர் எழுதியிருக்கவில்லை என்றாள் நிஸா. “நோக்கணும். எங்க வாப்பாவோட உப்பாப்பா சேக்கு. தோணிதான்,” என்று தன் கொள்ளுத்தாத்தாவைச் சொன்னார் கிழவர். அதற்குமேல் கேட்க ஹாஜியார் விடவில்லை. துஆ ஓதி முடித்துவிட்டார்.

படம் மாட்டப்படவில்லை. “இப்ப சரியான நேரமில்ல,” என்று ஹாஜியார் செயலாளரிடம் சொல்லியனுப்பினார். நிஸா போய், செய்தித்தாளில் சுற்றிவைத்திருந்த படத்தை வாங்கிவந்தாள். பஜாரில் அவளைப் பார்த்த சங்கரலிங்கம் கடையை விட்டு இறங்கி வந்து, “அம்மா, எங்க மாடியில மாட்டிரட்டா? அங்க ஒரு பய கேள்வி கேக்க மாட்டான்,” என்றார். அங்கேயே மாட்டினார்கள். நௌஷிதாவின் பேச்சு நின்றதா நடக்கிறதா என்று நிஸாவுக்குத் தெரியாது. ஜலீல் அவளோடு பேசுவதில்லை. பெருநாளைக்கு நெய்ச்சோறு மட்டும் கொடுத்தனுப்பினான். அவள் தட்டைக் கழுவித் திருப்பியனுப்பினாள்.

கோயம்புத்தூரிலிருந்து அச்சகத்துக்காரர் கூப்பிட்டார். தலைப்பில் ஒரு சிறு திருத்தம் செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். “பீர்னு போட்டா சிலபேர் தப்பா எடுத்துக்குவாங்க மேடம். பியர்னு போட்டுட்டா பிரச்சினையில்ல.”

“வேண்டாம் சார். அவ எழுதினது பீர். பீர்னே இருக்கட்டும். அட்டையில பீப்பாய் படம் போடுங்க. பெருசா போடுங்க.”

சரி என்றார். புத்தகத்தின் கடைசியில் வருகிற சொல்லடைவு மட்டும் முழுசாக வரவில்லை, அது வந்தால் அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்றார். நிஸா மாடிக்குப் போய், அக்கா அன்று தலை சாய்த்திருந்த மேஜையில் தேடி எடுத்தாள். அகர வரிசையில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே பக்க எண்கள் எழுதப்பட்டிருந்தன. கடைசியாக எழுதியிருந்த சொல் ‘நுரை’. அதற்கு நேரே எண் எதுவும் போடவில்லை.